பட்டணம் போனால் எங்கே தங்குவது?

திருத்தணிக்காரர்களுக்குப் பட்டணம் என்றால் சென்னைதான். வயதானவர்கள் இன்றும் "பட்டணம் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள். சொன்ன உடனே எதிரில் இருப்பவர் கேட்பார்: "ராத்திரிக்கே வந்துடுவீங்களா, தங்கறீங்களா? தங்கினா எங்க?" இந்தச் சாதாரணக் கேள்விக்குப் பின்னால் முந்நூறு வருஷக் கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது, படித்தது, குமாஸ்தாவாக வேலை பார்த்தது எல்லாம் புதுச்சேரியில். படித்தது பிரெஞ்சு மீடியம். பெண் எடுத்தது திருத்தணியில். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரே என் ஊராகிவிட்டது. ஆகவே பட்டணத்துக்குத் தெற்கேயிருந்தும் போயிருக்கிறேன், வடமேற்கேயிருந்தும் போயிருக்கிறேன். இரண்டு வழியிலும் தங்கும் இடம் வேறு வேறு.

இப்போது பிள்ளைகள் செல்போனில் பார்த்து, எந்தப் பேட்டை அழகு, எங்கே கடல் தெரியும் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். நம் காலத்தில் பேட்டையை நாம் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. மூன்று கேள்விகள் அதைத் தீர்மானித்தன. வண்டி எங்கே இறக்கிவிடுகிறது? வந்த வேலை எங்கே இருக்கிறது? யார் நம்மை உள்ளே விடுவார்கள்? முதல் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதை வெளியே சொல்வதில்லை. ஆனால் மூன்றிலும் பெரியது அதுதான்.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடு வரை, தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு அரக்கோணத்திலிருந்து வடமேற்கே ஒரு பாதை பிரிந்து, திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பை வழியாகப் போய், 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. மலைக்கோயிலும் வாரச்சந்தையுமாக இருந்த நம் ஊர் இப்படித்தான் பம்பாய் - சென்னை பெரும்பாதையில் ஒரு ஸ்டேஷன் ஆனது. 1873-ல் சென்ட்ரல் வந்தது. அதன்பின் திருத்தணிக்காரன் பட்டணத்தில் கால் வைக்கும் இடம் சென்ட்ரல் என்று ஆகிவிட்டது.

தெற்கத்திக்காரர்களுக்கு அப்படி இல்லை. 1908-ல் எழும்பூர் ஸ்டேஷன் திறந்தபின், விழுப்புரம் வழியாக வருகிற நாங்கள் எழும்பூரில் இறங்குவோம். கென்னட் லேனில் உள்ள லாட்ஜுகளில் பெட்டியை வைப்போம். மாமனார் வீட்டார் சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேடு, பார்க் டவுன், சௌகார்பேட்டை என்று போவார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே நடந்தால் அரை மணிகூட ஆகாது. ஆனால் கல்யாணம் ஆகும்வரை பெரியமேடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கென்னட் லேன் எங்கே இருக்கிறது என்று மாமனாருக்குத் தெரியாது.

சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் இருக்கிறதல்லவா? சவலை ராமசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிக் கொடுத்தது. ரயிலில் வந்து இறங்குபவர்களுக்குத் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும் என்று ஒரு பணக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. ஹோட்டல் என்ற பழக்கம் நம்மவர்களிடம் வருவதற்கு முன் சத்திரம்தான் எல்லாம். திண்ணை, முற்றம், கிணறு, சமைக்க ஓர் அடுப்பு. மூன்று நாள்வரை தங்கலாம் என்பது பொதுவான வழக்கம். படுக்கையும் பாத்திரமும் அவரவர் கொண்டுபோக வேண்டும். என் மாமியார் சுருட்டிக் கட்டிய ஜமக்காளமும், கட்டுச்சோற்றுக்கு ஒரு தூக்குச் சட்டியும் இல்லாமல் பட்டணத்துக்குக் கிளம்பமாட்டார். லாட்ஜில் மெத்தை இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

சத்திரம் என்றால் யாத்திரைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1782-ல் பஞ்சம் வந்தபோது பட்டணத்துக்கு வடக்கே கஞ்சித் தொட்டியாகத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. தங்கும் இடமும் வைத்தியம் பார்க்கும் இடமும் பட்டணத்தில் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. இதைக் கடைசியில் மறுபடியும் சொல்வேன்.

இனி மூன்றாவது கேள்வி. யார் எங்கே தங்கலாம் என்பதைப் பட்டணம் தன் பிறப்பிலேயே வகுத்து வைத்திருந்தது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். கோட்டைக்கு வடக்கே கருப்பர் நகரம். புதுச்சேரியிலும் இதேதான்: கால்வாய்க்குக் கிழக்கே கடலோரம் வெள்ளையர் பகுதி, மேற்கே நம்மவர் பகுதி. பிரெஞ்சில் 'வில் பிளான்ஷ்', 'வில் நுவார்' என்பார்கள். சிறுவயதில் இந்தப் பெயர்களைப் பாடத்தில் உள்ள மற்ற சொற்களைப் போலவே மனப்பாடம் செய்தோம், பொருளை யோசித்ததில்லை.

பள்ளியில் எங்களுக்கு 1746 முக்கியமான ஆண்டு. லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்த வருஷம். புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் துரையிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்தக் காலத்தை எழுதி வைத்திருக்கிறார். அவர் பிறந்ததே சென்னைப் பெரம்பூரில்தான், 1709-ல். பிரெஞ்சுக்காரர்கள் 1749-ல் ஊரைத் திருப்பிக் கொடுக்கும்வரை கோட்டையை ஒட்டியிருந்த நம்மவர் வீடுகள் பலவற்றை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்களும், எதிரி ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது என்று மிச்சத்தை இடித்தார்கள். சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. பிறகு பூக்கடைப் பக்கம் வேறு இடத்தில் கட்டப்பட்டது. பழைய கருப்பர் நகரம் இருந்த மண்ணில்தான் இன்று ஹைகோர்ட் நிற்கிறது. இதற்கு இப்பால் கட்டக் கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஒன்று மட்டும் பாரிமுனையில் இருக்கிறது. அங்கே பஸ்ஸுக்கு நின்ற நம்மில் பலர் அதில் சாய்ந்துகூட நின்றிருப்போம்.

வீடிழந்தவர்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் நெருக்கி வாழ்ந்தார்கள். வெளியூர்க்காரனும் அங்கேதான் போய் ஒண்ட வேண்டும். அதுவும் நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. தன் ஊர்க்காரர், தன் ஜாதிக்காரர், இல்லாவிட்டால் ஆதரிக்கும் ஒரு பெரிய மனிதர் வேண்டும். முத்துசாமி தீட்சிதர் குடும்பம் பட்டணத்துக்கு வடக்கே மணலியில் தங்கியது மணலி முதலியார் வீட்டு ஆதரவில். காசியிலிருந்து திரும்பிய தீட்சிதர் அங்கிருந்துதான் நம் தணிகை மலைக்கு வந்தார். அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது இங்கே என்பது நமக்கெல்லாம் பெருமை. வள்ளலார் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடும்பத்தோடு இருந்தவர். கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டார் என்று சொல்வது அந்தத் தெருவில் நடந்ததைத்தான். மகான்களே ஆனாலும் பட்டணத்தில் ஓர் அண்ணன் வீடோ, ஆதரிப்பவர் வீடோ தேவைப்பட்டிருக்கிறது.

நம் ஊரை மட்டும் விட்டுவிடலாமா? ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருபவர்கள் எத்தனையோ தலைமுறையாக அவரவர் சமூகச் சத்திரத்தில்தான் இறங்கினார்கள். இருப்பவனுக்கு அது சௌகரியம். தன் ஜாதிக்குச் சத்திரம் இல்லாதவன் மரத்தடியில் படுத்தான். பட்டணமும் அப்படியேதான்.

இது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற வழக்கம் 1941-ல் எடுக்கப்பட்டது. 1950-ல் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, கடை, உணவுச்சாலை, ஹோட்டல் எதிலும் ஜாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, பெரியாரின் தொண்டர்கள் பல மாதம் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். ஒரு சொல்லுக்கு இத்தனை நாளா என்று இளையவர்கள் கேட்கலாம். பெட்டியோடு வாசலில் நிற்பவனுக்கு அந்த ஒரு சொல்லே போதும், உள்ளே போகமாட்டான்.

ஹோட்டல்காரர்களையும் சொல்ல வேண்டும். உடுப்பியிலிருந்து வந்த கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவில் உட்லண்ட்ஸ் ஆரம்பித்தார். பூந்தமல்லி ஹைரோட்டில் தாசப்பிரகாஷ் வந்தது. சைவச் சாப்பாடு, சுத்தமான அறை, காசு கொடுத்தால் இடம். சொந்தக்காரரும் சத்திரமும் இல்லாமல் ஒரு குடும்பம் பட்டணத்தில் மரியாதையாகத் தங்கலாம் என்பது அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. காசு இருப்பவர்களுக்கு, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊரின் சொந்தக் கதை. 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. மாவட்டம் எதுவானாலும் தலைநகரமும் ஹைகோர்ட்டும் பட்டணம்தானே, அதனால் யாரும் கவலைப்படவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. பட்டணம் யாருக்கு என்ற சண்டை முடிந்து அது நம் பக்கம் நின்றது. ஆனால் நாம் அந்தப் பக்கம் போய்விட்டோம். நம் தலைநகரம் கர்நூல் ஆயிற்று, 1956-ல் ஹைதராபாத் ஆயிற்று. 1954 ஜூலையில் ஆந்திர ஹைகோர்ட் குண்டூரில் தொடங்கியது.

மாமனாரின் தகப்பனாருக்கு அப்போது ஒரு நிலத் தகராறு ஹைகோர்ட்டில் அப்பீலில் இருந்தது. அதுவரை காலை வண்டியில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தே கோர்ட். வாய்தா மறுநாளைக்குப் போனால் சத்திரத்தில் ஒரு ராத்திரி. வக்கீல் குமாஸ்தா நம்மூர்ப் பக்கத்துக்காரர், அவரே ஏற்பாடு செய்துவிடுவார். கேஸ் கட்டு குண்டூருக்குப் போனபின் எல்லாம் மாறிவிட்டது. ராத்திரி முழுக்கப் பயணம். தெலுங்கு நமக்கெல்லாம் தாய்மொழி மாதிரிதான், பேச்சில் கஷ்டமில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு தெரிந்த வாசல் கிடையாது. ஒரு வாய்தாவுக்கு நாலு நாள் லாட்ஜ் வாடகை, சாப்பாடு, புது வக்கீல். பிறகு ஹைதராபாத், இன்னும் தூரம். 1959-ல் எதிர்த்தரப்போடு ராஜியாகப் போய்ப் பாதி நிலத்தை விட்டுக் கொடுத்தார்கள். மாமனார் என்னிடம் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளை, நாங்க கேஸ்ல தோக்கல. தங்கற செலவுல தோத்தோம்."

ம.பொ.சி.யும், நம் மங்கலங்கிழாரும், எத்தனையோ பெயர் தெரியாதவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தால், படாஸ்கர் தலைமையில் பேச்சு நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மொழி, மலை, முருகன் என்று மேடையில் பேசுவோம், அதெல்லாம் சரிதான். என் மாமனாருக்கு அதன் பொருள் வேறு: இனி வேலையாகப் போனால் தெரிந்த ஊரில் தங்கலாம். அந்தத் தீர்வு ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் மீதி நிலமும் வீட்டில் இருந்திருக்கும்.

என் காலத்துக்கு வருகிறேன். 1970-களில் ஆபீஸ் வேலையாகக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அலுவலகம் தேனாம்பேட்டையில். ஆனால் நாங்கள் தங்குவது திருவல்லிக்கேணியில். காரணம், தினப்படி. சர்க்கார் குமாஸ்தாவின் தினப்படியில் ஓர் அறையும் மூன்று வேளை சாப்பாடும் முடிகிற பேட்டை அது ஒன்றுதான். திருவல்லிக்கேணி ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு வெளியே முதலில் கைக்கொண்ட கிராமங்களில் ஒன்று. பெருமாள் கோயில், மசூதி, கடற்கரை, பழைய புத்தகக் கடை, மெஸ், மேன்ஷன் எல்லாம் ஒரே இடத்தில். தலைமைச் செயலகத்துக்கும் நடந்தே போகலாம். வேலை தேடி வந்த தென்மாவட்டத்துப் பையன்கள் வருஷக்கணக்கில் மேன்ஷனில் இருப்பார்கள். அறைக்கு இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், மாடிக்கு ஒரே குளியலறை. வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அங்கேயும் மூன்றாவது கேள்வி போய்விடவில்லை. ஒருமுறை என்னோடு ஆபீஸ் உதவியாளர் ஒருவர் வந்தார். ஒரு லாட்ஜில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவரிடம் ஊர் கேட்டார்கள். சொன்னார். "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். அதையும் சொன்னார். ஒரு நிமிஷம் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு" என்றார்கள். அரசியல் சாசனம் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் வேறு இடம் போனோம். அவர் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆபீஸ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வந்தார்.

பெண்களுக்கு மேன்ஷனில் இடமே கிடையாது. மனைவியோடு போனால் திருவல்லிக்கேணி உதவாது. அப்போதுதான் 'அரக்கோணம் லைன்' என்பதன் அருமை எனக்குத் தெரிந்தது. ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர். 1955-ல் ஐ.சி.எஃப். திறந்தபிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ரயில்வேயிலும் தொழிற்சாலைகளிலும் சேர்ந்து, ஊருக்குப் போகிற தண்டவாளத்தை ஒட்டியே குடியிருந்தார்கள். மனைவியின் பெரியம்மா வீடு வில்லிவாக்கத்தில். கல்யாண ஜவுளிக்கு தி.நகர் நல்லி, பாண்டி பஜார் என்று அலைந்துவிட்டு ராத்திரி அங்கே போய் விழுவோம். போகும்போது ஊரிலிருந்து ஒரு படி வேர்க்கடலை, கீரை, மோர் மிளகாய். பெரியம்மா முகம் சுளித்ததே இல்லை. ஆனால் கோடையில் தண்ணீர் லாரி வாசலில் நிற்க, நாலு விருந்தாளிக்காக இன்னும் நாலு குடம் பிடிக்க அவர்கள் ஓடுவதைப் பார்த்தபின், மே மாதம் போகக் கூடாது என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

இன்று திருத்தணியிலிருந்து லோக்கல் ரயிலே சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போகிறது. 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் போய் ராத்திரி திரும்பலாம். ஜவுளிக்கோ கல்யாணத்துக்கோ யாரும் தங்குவதில்லை. நம் வயதில் தங்க வைப்பது ஒன்றுதான்: ஆஸ்பத்திரி. சத்திரமும் வைத்தியமும் ஒரே வேர் என்று சொன்னேனே, அது இங்கே மறுபடி வருகிறது. 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, சென்ட்ரல் எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரி, 1954-ல் வந்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், 1978-ல் சங்கர நேத்ராலயா, 1983-ல் கிரீம்ஸ் ரோடு அப்போலோ. இவற்றைச் சுற்றித்தான் இன்றைய சத்திரங்கள் இருக்கின்றன. கிரீம்ஸ் ரோட்டுச் சந்துகளில் வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் அடுப்போடு கூடிய அறை எடுத்து மீன் குழம்பு வைத்துக்கொண்டு இருப்பதைப் பாருங்கள். நம் தாத்தாக்கள் சத்திரத்து முற்றத்தில் செய்ததை அவர்கள் மாடியில் செய்கிறார்கள்.

ஆகவே, மூட்டுக்கோ கண்ணுக்கோ பட்டணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. பிள்ளைகள் நல்ல ஏரியா என்று தூரத்தில் பெரிய ஹோட்டல் பார்ப்பார்கள். வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆட்டோ இல்லாமல் போகிற தூரம், தரைத்தளம் அல்லது லிஃப்ட், வெந்நீர், கஞ்சி வைக்க ஓர் அடுப்பு. இவை நான்கும் இருந்தால் அறை சின்னதானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முதல்நாளே போய்விடுங்கள். காலை லோக்கலை நம்ப வேண்டாம். தையல் பிரிக்கும்வரை இருக்கச் சொன்னால் இருங்கள். உறவினர் வீடு இருந்தாலும் அவர்களைப் பார்க்க வரச் சொல்லுங்கள். படியேறிப் போய்த் தங்காதீர்கள்.

ரிஜிஸ்டரில் இப்போது ஆதார் நம்பர்தான் கேட்கிறார்கள். தெரு கேட்பதில்லை. என்னோடு வந்த அந்த உதவியாளர் இன்று இருந்தால் இதைச் சொல்லிக் காட்டியிருப்பேன்.